பசித்தவர் இல்லாத தீவு

"சாகா வரம் கிடைத்தால் என்ன செய்வீர்கள்?"

சில மாதங்களுக்கு முன் என்னுடைய மாலை நேர வானொலி நிகழ்ச்சியில் நேயர்களிடம் இப்படி ஒரு கேள்வியைப் போட்டேன். கேள்வி என்னுடையதல்ல, பதினொரு வயதாகும் என் மூத்த மகளுடையது. தலையணை கனத்துக்கு ஓர் ஆங்கில நாவலை வைத்துக்கொண்டு ஒரு வாரமாகச் சாப்பாட்டு மேசைக்குக்கூட வராமல் இருந்தாள். சாவே இல்லாத மனிதர்கள், ஒரு கதவைத் திறந்தால் இன்னொரு உலகம், அங்கிருந்து வேறொன்று. "அவனுக்கு முந்நூறு வயசும்மா, இன்னும் இருபது மாதிரிதான் இருப்பான்" என்றாள் கண்ணை எடுக்காமல்.

வானொலியில் வந்த பதில்கள் கலகலப்பாகத்தான் இருந்தன. வீட்டுக் கடனைக் கட்டி முடித்த பிறகும் சில வருடம் நிம்மதியாக இருக்கலாமே என்றார் ஒருவர். மலேசியா உலகக் கிண்ணக் காற்பந்துப் போட்டிக்குத் தகுதி பெறுவதைப் பார்த்துவிட்டுத்தான் போவேன், அதற்குச் சாகா வரம் கட்டாயம் வேண்டும் என்றார் இன்னொருவர். சிரித்தோம். பாட்டுப் போட்டோம்.

கடைசியாகப் பாடாங் செராயிலிருந்து ஓர் அம்மா அழைத்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும் குரல். "எனக்கு வேண்டாம்மா. எல்லாரும் போனப்புறம் நான் மட்டும் உக்காந்து யாருக்கும்மா சமைக்கிறது?" என்றார்.

நேரலையில் அமைதி விழக்கூடாது என்பதுதான் எங்கள் தொழிலில் முதல் பாடம். அன்று மூன்று விநாடி விழுந்தது. எனக்கு என் பாட்டி நினைவுக்கு வந்துவிட்டார். அதோடு, ஐந்தாம் படிவத்தில் தமிழ் இலக்கியம் படித்த காலத்தில் ஆசிரியை சொன்ன ஒரு கதையும்.

இறந்தவர்தான் அமரர்

இதே நாளிதழின் நினைவஞ்சலிப் பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். ஒவ்வொரு படத்துக்கு மேலும் 'அமரர்' என்று போட்டிருக்கும். அமரர் என்றால் மரணம் இல்லாதவர். சாகாதவர் என்ற பட்டத்தை நாம் இறந்தவர்களுக்குத்தான் கொடுக்கிறோம். உயிரோடு இருப்பவரை அப்படி அழைத்தால் சண்டைக்கு வந்துவிடுவார்!

பழைய கதைகளில் அமரர் என்பவர்கள் தேவர்கள். பசி இல்லை, மூப்பு இல்லை, கண் இமைப்பதும் இல்லை. அந்த உலகத்துக்குப் போக வேண்டும் என்றுதான் எல்லாரும் தவம் இருந்தார்கள். அந்த உலகத்தையே பார்த்துச் சிரித்த ஒருவனின் கதை தமிழில் இருக்கிறது. என் மகளின் நாவலில் இருக்கும் அத்தனையும் அதிலும் உண்டு: தெய்வங்கள், வானில் பறத்தல், உருமாற்றம், முற்பிறவி, தீவு விட்டுத் தீவு பயணம். சீத்தலைச் சாத்தனார் எழுதிய மணிமேகலைதான் அது. உ.வே. சாமிநாதையர் ஏடுகளிலிருந்து எடுத்து 1898-இல் அச்சில் கொண்டுவந்த நூல். பள்ளியில் ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்று என்று மனப்பாடம் செய்துவிட்டு நம்மில் பெரும்பாலோர் மூடி வைத்துவிட்டோம்.

மணிமேகலையின் கதை பலருக்கு ஓரளவு தெரியும். மணிமேகலா தெய்வம் அவளைத் தூக்கத்தில் எடுத்துப்போய் மணிபல்லவம் என்ற தீவில் விடுகிறது. அங்கே தன் முற்பிறவியை அறிகிறாள். வேற்றுரு எடுக்கவும், வானில் பறக்கவும், பசியைத் தாங்கவும் மூன்று மந்திரங்கள் கிடைக்கின்றன. அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி என்ற பாத்திரமும் அவள் கைக்கு வருகிறது.

அவளுக்கு முன் அந்தப் பாத்திரம் யாரிடம் இருந்தது? என்னை விடாமல் பிடித்துக்கொண்டது அந்தக் கதைதான்.

ஆபுத்திரன்

தாய் பிறந்த உடனே விட்டுவிட்டுப் போன குழந்தை. ஒரு பசு ஏழு நாள் பால் கொடுத்துக் காப்பாற்றியதால் ஆபுத்திரன் என்று பெயர். அந்தணர் ஒருவர் எடுத்து வளர்த்தார். வளர்ந்த பிள்ளை, வேள்விக்காகக் கட்டி வைத்திருந்த பசுவை இரவோடு இரவாக அவிழ்த்துக்கொண்டு போக, ஊரே அவனைத் துரத்தியது. மதுரைக்கு வந்தான். பகலில் வீடு வீடாகப் பிச்சை எடுத்து, கண் தெரியாதவர், காது கேளாதவர், நடக்க முடியாதவர், ஆதரவற்றவர் எல்லாருக்கும் ஊட்டி, மிச்சம் இருந்தால் தான் சாப்பிட்டு, அந்த ஓட்டையே தலைக்கு வைத்துத் தூங்கினான்.

ஒரு மழை இரவில் பசியோடு சிலர் வந்து எழுப்பினார்கள். கையில் ஒன்றும் இல்லை. அவன் துடித்ததைப் பார்த்துக் கோயிலில் இருந்த சிந்தாதேவி ஒரு பாத்திரத்தைக் கொடுத்தாள். நாடே வறண்டாலும் இது வறளாது, வாங்குபவர் கை வலிக்கலாம், இது குறையாது என்றாள். அன்றிலிருந்து அவன் இருந்த இடத்தில் மனிதர்களும் விலங்குகளும் பறவைகளும் வந்து கூடி உண்டார்கள்.

இந்திரனுக்கு இருக்கை ஆட்டம் கண்டது. கிழவர் வேடத்தில் வந்து, உன் தானத்துக்குப் பரிசு தருகிறேன், என்ன வேண்டும் என்று கேட்டான். ஆபுத்திரன் வாய்விட்டுச் சிரித்தான். உன் உலகத்தில் இருப்பவர்கள் செய்த புண்ணியத்தைச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறார்கள். அங்கே அறம் செய்ய ஆளில்லை, அடுத்தவரைக் காப்பாற்ற ஆளில்லை. எனக்கு என்ன கொடுக்கப் போகிறாய்? பசித்தவர் சாப்பிட்ட பிறகு அவர் முகத்தில் வரும் மலர்ச்சியைக் காட்டும் இந்தப் பாத்திரம் எனக்குப் போதும் என்ற பொருளில் பேசினான்.

இந்திரனுக்குக் கோபம். அவன் கொடுத்த தண்டனைதான் இந்தக் கதையின் விசித்திரம். இடி இடிக்கவில்லை, சாபம் விடவில்லை, பாத்திரத்தைப் பிடுங்கவும் இல்லை. பன்னிரண்டு ஆண்டுப் பஞ்சத்தில் கிடந்த பாண்டிய நாட்டில் மழை பெய்ய வைத்தான். விளைச்சல் பெருகியது. பசி போனது. ஆபுத்திரனைத் தேடி யாரும் வரவில்லை. சோறு உண்ணும் கூட்டம் இருந்த இடத்தில் சூதாட்டமும் வெட்டிப் பேச்சும் வந்து உட்கார்ந்தன. பசிக்கிறதா, சாப்பிடுகிறீர்களா என்று ஊர் ஊராகக் கேட்டுப் போனான். இவன் யார் என்று ஏளனம் செய்தார்கள்.

அப்போது கப்பலிலிருந்து இறங்கிய சிலர், சாவக நாட்டில் மழை இல்லை, உயிர்கள் மடிகின்றன என்றார்கள். சாவகம் என்பது ஜாவா, அல்லது அதையொட்டிய நம் தென்கிழக்காசியத் தீவுகள் என்று ஆய்வாளர்கள் சொல்வார்கள். அவன் உடனே கப்பல் ஏறினான். காற்று பலமாக வீசியதால் கப்பல் மணிபல்லவத்தில் ஒரு நாள் நின்றது. அவன் தீவில் இறங்கினான். அவன் ஏறிவிட்டான் என்று நினைத்து இருட்டிலேயே பாய் விரித்துக் கிளம்பிவிட்டார்கள்.

ஆள் இல்லாத தீவு. கையில் எத்தனை பேருக்கும் சோறு போடும் பாத்திரம். அவன் ஒருவனுக்கு வேண்டிய சோறு அதில் இருந்தது. ஆனால் பலரைக் காப்பாற்றும் பாத்திரத்தை வைத்துக்கொண்டு தன் ஒரு வயிற்றை மட்டும் நிரப்ப அவன் சம்மதிக்கவில்லை. ஆண்டுக்கு ஒரு நாள் வெளியே வா, அருள் உள்ளவர் யாராவது வந்தால் அவர் கையில் சேர் என்று சொல்லிப் பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டான். உண்ணாமல் இருந்து உயிரை விட்டான்.

பதினேழு வயதில் இதைக் கேட்டபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. "சாப்பிட்டுட்டு அடுத்த கப்பலுக்குக் காத்திருந்திருக்கலாமே டீச்சர்?" என்று கேட்டேன். வகுப்பு சிரித்தது. ஆசிரியை சிரிக்கவில்லை. "உங்க வீட்ல பாட்டி இருக்காங்களா?" என்று மட்டும் கேட்டார்.

ஆயாக் கொட்டகையின் அண்டா

பாட்டி இருந்தார். பீடோங் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டு, அங்கேயே பால் மரம் வெட்டியவர். அவருடைய அப்பா நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கியவர். ராஜூலா போன்ற கப்பல்கள் அந்த வழியில் ஆட்களைச் சுமந்து ஓடிய காலம் அது.

கண் பார்வை மங்கிய பிறகு பாட்டியை ஆயாக் கொட்டகையில் போட்டார்கள். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அதைச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். விடியுமுன் பெரட்டுக்குப் போகும் தாய்மார்கள் கைக்குழந்தைகளையும் சின்னப் பிள்ளைகளையும் விட்டுப் போகும் இடம் அது. தூங்கும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு இருட்டில் வருவார்கள். வெயில் ஏறிய பிறகு பால் வாடையோடு திரும்பி வந்து வாங்கிக்கொள்வார்கள். அதுவரை பிள்ளைகளுக்குப் பாட்டிதான் எல்லாம். லயத்தில் தனிக்கட்டையாக இருந்த கிழவர்கள் இரண்டு மூன்று பேரும் பாட்டி கைச்சோற்றை நம்பி இருந்தார்கள். பாட்டியிடம் ஓர் அலுமினிய அண்டா இருந்தது. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அதற்குள் ஒளிந்து விளையாடியிருக்கிறேன். அந்த அளவு.

1997-இல் தோட்டம் கைமாறியது. மரங்களை வெட்டினார்கள். லயங்கள் காலியாயின. சிலர் பட்டர்வொர்த் பக்கம், சிலர் ஜொகூர், பலர் சுங்கை பட்டாணித் தாமான்களில் தரைவீடுகள். நாங்களும் சுங்கை பட்டாணிக்கு வந்தோம். எங்களுக்கு அது உண்மையிலேயே உயர்வுதான். குழாயைத் திறந்தால் தண்ணீர், தனித்தனி அறை, அப்பாவுக்குத் தொழிற்சாலையில் நிலையான சம்பளம். வறுமை எங்களை விட்டுப் போனது. மழை பெய்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பாட்டி முதல் சில மாதம் அண்டாவில்தான் சோறு வடித்தார். மிஞ்சியது. அம்மா சின்னப் பானை வாங்கிக் கொடுத்தார். அண்டா பின்கட்டுக்குப் போனது, அதில் அரிசி கொட்டி வைத்தோம். பிறகு மின்சாரச் சோற்றுப் பானை வந்தது. பாட்டிக்கு அடுப்படியில் வேலையே இல்லாமல் போனது. எங்களுக்கு அது மரியாதையாகத் தெரிந்தது. காலம் பூராவும் உழைத்தவர், உட்கார்ந்து சாப்பிடட்டும்.

அவர் உட்கார்ந்தார். சாப்பிடவில்லை. "வவுறு நெறைஞ்சுதான் இருக்கு, விடு" என்பார். கிளினிக்குக்குக் கூட்டிப் போனோம். இரத்தச் சோதனையில் குறை ஒன்றும் இல்லை. சத்து மாத்திரை வாங்கி வந்தோம். அவர் இளைத்துக்கொண்டே போனார். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வடக்கே தெரியும் ஜெராய் மலையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஆசிரியை கேட்ட கேள்வியின் பொருள் அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. அடுத்த வருடம் பக்கத்து வீட்டுக்கு ஒரு பெண் இரண்டு பிள்ளைகளோடு குடிவந்தார். தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுக்கு மதியம் வீட்டில் யாரும் இல்லை. ஒரு நாள் பெரியவன் வேலியைப் பிடித்துக்கொண்டு, "பாட்டி, சாப்பாடு இருக்கா?" என்று கேட்டிருக்கிறான். அன்று நான் வீட்டுக்கு வந்தபோது அடுப்படியில் ரசம் கொதிக்கும் வாசனை. பிள்ளைகள் இருவரும் தரையில் உட்கார்ந்து பிசைந்து தின்றுகொண்டிருந்தார்கள். பாட்டி கையிலும் ஒரு தட்டு.

மாத்திரை, கிளினிக் எதுவும் செய்யாததை அந்தப் பையன் செய்தான். அதற்குப் பிறகு பல வருடம் பாட்டி நன்றாகத்தான் இருந்தார். 2011-இல், தூக்கத்தில் போனார்.

நம் கடற்கரையில்

இந்தக் கதையெல்லாம் தமிழ்நாட்டுக்குச் சொந்தம், நமக்கு என்ன என்று சிலர் கேட்பார்கள். பாட்டி பார்த்துக்கொண்டிருந்த அதே ஜெராய் மலைதான் பழங்காலக் கப்பல்களுக்கு அடையாளம். கடல் மட்டத்திலிருந்து 1,200 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்பதால் தொலைவிலேயே கண்ணில் படும். அதன் அடிவாரத்தில்தான் பூஜாங் பள்ளத்தாக்கு. மெர்போக்கில் இருக்கும் அருங்காட்சியகத்துக்குப் பள்ளிச் சுற்றுலாவில் போயிருப்பீர்கள்.

மணிமேகலை பௌத்தக் காப்பியம். அது எழுந்தது 5 அல்லது 6-ஆம் நூற்றாண்டு என்பது பரவலான கணிப்பு. கிட்டத்தட்ட அதே காலத்தில் புத்தகுப்தன் என்ற மாலுமி, பயணம் நல்லபடி முடிய வேண்டும் என்று ஒரு கல்லில் பொறித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறான். பழைய கெடாவைச் சேர்ந்த, இன்றைய செபராங் பிறை வட்டாரத்தில் அந்தக் கல்லை 1834-இல் ஜேம்ஸ் லோ கண்டெடுத்தார். இப்போது கொல்கத்தா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆபுத்திரனை மறந்து விட்டுப்போன கப்பல் போன்றவை உண்மையாகவே இந்தக் கடலில் ஓடியிருக்கின்றன.

இராசேந்திர சோழன் 1025-இல் கடாரத்தின் மீது படை எடுத்ததைப் பெருமையாகப் பேசுகிறோம். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, இராசராசன் காலத்தில், கடாரத்தை ஆண்ட ஸ்ரீவிஜய மன்னரின் பெயரால் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் எழுந்ததை அவ்வளவாகப் பேசுவதில்லை. என் கொள்ளுத் தாத்தா கப்பலேறிய அதே ஊர்.

மலாய்க்காரர்களிடமும் கெடாவைப் பற்றி இப்படி ஒரு மாயக் கதை உண்டு. ஹிக்காயாட் மெரோங் மகாவங்சா. ரூம் நாட்டு இளவரசனுக்கும் சீன இளவரசிக்கும் திருமணம் நடக்கக் கூடாது என்று கருடன் பந்தயம் கட்டி, இளவரசியைத் தூக்கிப்போய் லங்காபுரித் தீவில் ஒளித்து வைக்கிறது. கப்பல்களை மூழ்கடிக்கிறது. கடைசியில் இளவரசன் கரை ஒதுங்குவதும் அதே தீவில்தான். அந்தக் கதையில் ஜெராய் மலையே ஒரு தீவு! யுனெஸ்கோ 2001-இல் இந்த நூலை உலக நினைவகப் பட்டியலில் சேர்த்தது. பறக்கும் பயணமும் மாயத் தீவும் கடல் கடந்து வந்த புத்தகத்தில் மட்டும் இல்லை, நம் வீட்டுக்குப் பின்னாலேயே இருக்கின்றன என்று மகளுக்குச் சொன்னேன். முதன்முறையாக நாவலைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டாள்.

திரும்பி வந்தவர்கள்

அவளுக்கு ஆபுத்திரன் கதையை முழுசாகச் சொன்ன இரவில்தான், நான் மறந்திருந்த ஒரு பகுதி எனக்கே நினைவுக்கு வந்தது.

ஆபுத்திரன் சாவகத்திலேயே மறுபிறவி எடுக்கிறான். புண்ணியராசன் என்ற பெயரில் அரசனாகிறான். மணிமேகலை வானில் பறந்து போய் அவனைச் சந்தித்து, மணிபல்லவத்துக்கு வா என்கிறாள். கப்பலில் வருகிறான். அங்கே மணலைத் தோண்டினால், ஓர் எலும்புக்கூடு. அவனுடைய பழைய உடல். தன் எலும்பைத் தானே பார்த்து நிற்கிறான். என் மகளின் நாவலில்கூட இப்படி ஒரு காட்சி இல்லையாம்.

பக்கத்தில் வேறு எலும்புகளும் கிடக்கின்றன. அவை ஒன்பது செட்டிகளுடையவை. கப்பலில் அவனோடு வந்தவர்கள். அவன் ஏறவில்லை என்பது பிறகுதான் தெரிந்து, தேடிக்கொண்டு திரும்பி வந்தவர்கள். வந்து பார்த்தபோது அவன் இறந்திருந்தான். தாங்க முடியாமல் அவர்களும் அங்கேயே உண்ணாமல் உயிர் விட்டார்கள்.

"அவங்க கெட்டவங்க இல்லை, இல்லம்மா? ஏறிட்டான்னு நெனச்சிட்டாங்க" என்றாள் மகள்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அம்மா இறந்து மூன்று வருடமாகிறது. அப்பா அந்தச் சுங்கை பட்டாணி வீட்டில் தனியாக இருக்கிறார். நான் கோலாலம்பூரில். அவருக்கு எந்தக் குறையும் வைக்கவில்லை என்றுதான் நினைத்திருந்தேன். மாதா மாதம் பணம் போகிறது. குளிர்பதனப் பெட்டி நிரம்பியிருக்கிறது. கைப்பேசியில் நான் இங்கிருந்து விரலால் தொட்டால் அரை மணி நேரத்தில் அவர் வாசலில் சாப்பாடு வந்து நிற்கும். குறையாத பாத்திரம்தான். புலனத்தில் கேட்டால் "சாப்டேன்மா" என்று பதில் வரும். அதை நம்பிக் கப்பல் ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் காணொளி அழைப்பில் அவருடைய கழுத்தெலும்பைப் பார்த்தேன். சட்டை தொளதொளவென்று இருந்தது. பாட்டிக்கும் இப்படித்தான் தொடங்கியது.

எல்லாரும் வேலையை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்புங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. என்னாலும் அது முடியாது. அப்பாவும் கோலாலம்பூர் அடுக்குமாடிக்கு வர மாட்டேன் என்கிறார். வயதானவருக்குச் சோறு அனுப்புவது ஒன்று, அவரிடம் சோறு கேட்பது வேறொன்று என்பதை மட்டும், இவ்வளவு தாமதமாக, நான் கற்றுக்கொண்டேன். புண்ணியராசன் அரச வாழ்வை வெறுத்தபோது மணிமேகலை அவனைத் துறவுக்கு அனுப்பவில்லை. உன் நாட்டுக்குப் போ, அங்கே உயிர்களுக்கு உணவும் உடையும் இருப்பிடமும் கொடு என்றுதான் திருப்பி அனுப்பினாள். அவனுக்குத் தேவைப்பட்டது அவனைத் தேவைப்படும் மனிதர்கள்.

அந்த வார வியாழக்கிழமை அப்பாவை அழைத்தேன். கெடாவில் வெள்ளிக்கிழமையே வார விடுமுறை, எங்களுக்குச் சனிக்கிழமைதான்.

"அப்பா, சனிக்கிழமை காலையில கெளம்புறோம். மதியத்துக்கு வந்துடுவோம். சாப்பாடு கட்டிட்டு வரல. நீங்கதான் சமைக்கணும்."

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. அவருக்குச் சமையல் பாட்டி கற்றுக்கொடுத்தது. தோட்டத்துத் திருவிழாவில் அண்டா கிண்டியவர்.

"எத்தனை பேரு?"

"நாங்க நாலு பேரு. பக்கத்து வீட்டுப் பையன் இப்ப பினாங்குல வேலை பாக்குறானாமே, அவனையும் வரச் சொல்லியிருக்கேன். குடும்பத்தோட வர்றானாம்."

"அப்ப சின்னப் பானை பத்தாதே" என்றார் அப்பா. நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிறகு பின்கட்டில் எதையோ இழுக்கும் சத்தம். "இரு, அண்டாவக் கழுவணும். அப்புறம் கூப்புடுறேன்."

வைத்துவிட்டார்.